வீசும் கையும் திருத்தும் கையும்

சங்கத்தின் ஆண்டு விழா மலர் என்றால் இலக்கியச் சுவையும், சான்றோர் வரலாறும், கலைத் திறனாய்வும் அதில் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே கிரிக்கெட் பந்து வீச்சைப் பற்றிய கட்டுரையொன்று தலை நீட்டுவது கண்டு அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஆயினும் இவ்வாண்டு எம் வாயிற்படி ஏறி வந்த கேள்வியொன்று எம்மை வேறொன்றும் எழுதவொட்டாமல் தடுத்துவிட்டது. பொறுத்தருளுமாறு வேண்டி, அக்கேள்வியை முதற்கண் கூறுவோம்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அல்சூர்ப் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு எம் இல்லம் வந்தார். அவருடைய தந்தையார் காலத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி இந்நகர்க்கு வந்த குடும்பம் அது. அன்பர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரே மகன், வயது பதினேழு. தெருவிலும் குடியிருப்புத் திடலிலும் டென்னிஸ் பந்தைக் கொண்டு ஆடிப் பழகிய பிள்ளை. ஓடி வந்து பந்தை விடும்பொழுது அவன் கை காதை ஒட்டி எழுவதில்லை. தோளுக்குச் சற்று மேலே, கவண் சுழல்வதுபோல் பக்கவாட்டில் வந்து இறங்குகிறது. பந்தோ, மட்டையாளன் நிலைகொள்ளுமுன் ஸ்டம்பைப் பெயர்த்துவிடுகிறது. இப்பிள்ளையைப் பயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்த்தனர். அங்கிருந்த பயிற்சியாளர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள், "கையைக் காதோடு ஒட்டிக் கொண்டுவா, இல்லையேல் வராதே" என்று சொல்லிவிட்டார்.

"ஐயா, கையை மாற்றினால் பந்தில் வேகம் போய்விடுகிறது. மாற்றாவிட்டால் கழகத்தில் இடம் போய்விடும் என்கிறார்கள். எதை விடச் சொல்வது?" என்றார் தந்தை. பிள்ளை ஒன்றும் பேசவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாம் ஆட்டப் பயிற்சியில் வல்லோம் அல்லோம். பழைய ஏடுகளைப் புரட்டிக் குறிப்பெடுக்கும் பழக்கம் மட்டும் நெடுநாளாக உண்டு. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டு, அக்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அவ்வாரத்தில் எமக்குத் தெளிவானவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

கையைத் திருத்துக என்பார் முதற்கண் காட்டுவது பயிற்சி நூலை. ஓடி வருபவன் உடலைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முன்கையை உயர்த்தி, அதன் வழியே மட்டையாளனை நோக்க வேண்டும். வீசும் கை காதை ஒட்டி மேலெழுந்து வட்டமிட்டு இறங்க வேண்டும் என்பது அந்நூலின் விதி. காண்பதற்கு இனிய பாங்கு என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்விதியின் பிறப்பை ஆராயப் புகுந்தால் வியப்பே மிஞ்சுகிறது. கையைக் காதளவு உயர்த்துவதே ஒரு காலத்தில் குற்றமாயிருந்தது!

இங்கிலாந்தில் கிரிக்கெட் வளர்ந்த நாளில், கையைத் தாழ்த்தி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவதே முறையென விளங்கிற்று. கெண்ட் வட்டாரத்து ஜான் வில்ஸ் என்பார் கையைப் பக்கவாட்டில் நீட்டி, மேலுயர்த்தி வீசத் தலைப்பட்டார். அவருடைய உடன்பிறந்தாள், அக்காலத்து அகன்ற பாவாடை இடிக்காதிருத்தற்பொருட்டுக் கையை உயர்த்தி அவருக்குப் பந்து வீசினாள் என்றும், அதைக் கண்டே அவர் கற்றார் என்றும் கதையொன்று வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் ஆகுக. 1822-ஆம் ஆண்டு லார்ட்ஸ் திடலில் அவர் அங்ஙனம் வீச, நடுவர் 'நோ-பால்' என்று அறிவித்தார். வில்ஸ் பந்தை வீசியெறிந்துவிட்டுக் குதிரையேறிச் சென்றார். பெரிய ஆட்டங்களுக்கு மீளவேயில்லை என்பர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1835-இல், தோளளவு கையை உயர்த்தி வீசலாம் என்று விதி இசைந்தது. இசைவிக்க வேண்டிப் போராடியவருள் வில்லியம் லில்லிவைட் என்னும் வீச்சாளரும் ஒருவர்.

இனி நிகழ்ந்ததைக் கேண்மின். 1862-ஆம் ஆண்டு ஓவல் திடலில் எட்கர் வில்ஷர் என்பார் கையைத் தோளுக்கும் மேலே உயர்த்தி வீசினார். நடுவர் தொடர்ந்து ஆறு முறை 'நோ-பால்' அறிவித்தார். வில்ஷரும் உடன் ஆடியோரும் சினந்து திடலைவிட்டு வெளியேறினர். மறுநாள் நடுவரை மாற்றியே ஆட்டத்தைத் தொடர வேண்டியதாயிற்று. அந்த நடுவர் யார்? ஜான் லில்லிவைட். மேலே கூறிய வில்லியம் லில்லிவைட்டின் மைந்தரே அவர்! தந்தை எந்தப் புதுமைக்காக ஏச்சுக் கேட்டாரோ, அதற்கு அடுத்த புதுமையை மகன் குற்றமெனத் தீர்த்தார். இரண்டே ஆண்டுகளில், 1864-இல், கையை எவ்வளவு உயர்த்தியும் வீசலாம் என்று விதி மாறிற்று. இன்று நம் பிள்ளையிடம் 'காதோடு ஒட்டுக' என்று கட்டளையிடும் பாங்கு, அன்று குற்றவாளிக் கூண்டில் நின்ற பாங்கே ஆகும்.

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்று நம் முன்னோர் கண்ட முறையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. புலவர் பாடியவற்றைத் தொகுத்துப் பார்த்தே இலக்கண ஆசிரியர் விதி வகுத்தனர். பந்து வீச்சின் இலக்கணமும் அவ்வாறே முன்னர் வீசி வென்றவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. இனி வரப்போகின்றவனைப் பற்றி அந்நூல் என்ன அறியும்?

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் பெங்களூரிலேயே உண்டு. பி.எஸ். சந்திரசேகர் 1945-ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கி அவருடைய வலக்கை சூம்பிற்று. பெங்களூரில் வளர்ந்து, இந்நகர்த் திடல்களிலேயே ஆடிப் பழகினார். பந்தைப் பொறுக்கி எறிவதற்கு இடக்கை. வீசுவதற்கோ சூம்பிய அதே வலக்கை! அவர் சுழற்பந்து வீச்சாளர் ஆயிற்றே, வேகப் பந்து வழக்கில் எங்ஙனம் சான்றாவார் என்று வினவலாம். அவருடைய பந்தின் விரைவே அதற்கு விடை. மணிக்கட்டால் சுழல விடும் பந்தை மெல்ல மேலெழுப்பி வீச வேண்டும் என்பது நூல். அவரோ நெடுந்தூரம் ஓடி வந்து, மெலிந்த கையைச் சாட்டைபோல் சொடுக்கி, நடுத்தர வேக வீச்சாளரை ஒத்த விரைவில் கூக்ளியும் லெக்பிரேக்கும் விடுவார். 1963-64 பருவத்தில் மைசூர் மாநில அணியில் அடியெடுத்து வைத்தவர், அதே பருவத்தில், 1964 ஜனவரியில், பம்பாயில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆட்டத்திலும் இறங்கினார். வயது பதினெட்டு. முதல் இன்னிங்சிலேயே 67 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்.

1971 ஆகஸ்டு மாதத்து ஓவல் டெஸ்டை எம் தலைமுறையினர் மறவார். மில் ரீஃப் என்பது அவ்வாண்டு இங்கிலாந்தில் வெற்றிமேல் வெற்றி கண்ட பந்தயக் குதிரையின் பெயர். சந்திரசேகர் தம் மிக விரைவான பந்தை வீச வேண்டும் என்பதற்கு அப்பெயரையே குறிச்சொல்லாக வைத்திருந்தனர். எட்ரிச் ஆட வந்ததும் திலீப் சர்தேசாய் 'மில் ரீஃப்' என்று குரல் கொடுத்தார். எட்ரிச்சின் மட்டை இறங்குமுன் ஸ்டம்பு சாய்ந்தது. 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை அவர் வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அவ்வாறு கிட்டிற்று. மொத்தம் 58 டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட்டுகள். மட்டை பிடித்து அவர் எடுத்த ஓட்டங்களோ 167. வீழ்த்திய விக்கெட்டினும் எடுத்த ஓட்டம் குறைந்தவர் என்று அன்பர்கள் நகையாடுவதுண்டு. 'சுழற்பந்தை இவ்வளவு விரைவாக வீசாதே, நூல் கூறுமாறு வீசு' என்று யாரேனும் அவரை வற்புறுத்திப் பணிய வைத்திருந்தால் ஓவல் வெற்றி என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் மனம் கூசுகிறது.

ஆயின் இவற்றைக் கொண்டே, 'எவன் கையையும் எப்பொழுதும் தொடாதீர்' என்று முடிவு கட்டுதல் ஆகாது. அப்படிச் சொல்லி அந்தத் தந்தையை அனுப்பியிருந்தால் யாம் பெரும்பிழை செய்தவராவோம். வேகப் பந்து வீச்சில் உடம்பு என்னும் ஒன்று இருக்கிறது.

வேகமாக ஓடி வருபவன் முன்காலை ஊன்றும் அக்கணத்தில் அவன் உடல் எடையைப் போல் பன்மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறி இடுப்பைத் தாக்குகிறது. அதே கணத்தில் முதுகு வளைகிறது, முறுகுகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கியிருந்தால் முதுகு ஓரளவு தாங்கும். இரண்டும் பக்கவாட்டில் இருக்கலாம், இரண்டும் மட்டையாளனை நேரே நோக்கலாம். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலுமாக, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முதுகு முறுகும் கலப்புப் பாங்கே கேடு விளைப்பது. 1980-களில் பெர்த் நகரத்து மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் வீச்சாளர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, இக்கலப்புப் பாங்குடையோர்க்கே கீழ்முதுகு எலும்பில் விரிசல் மிகுதியாக நேர்வதைக் கண்டனர். இத்தகைய விரிசல் ஒரே அடியில் விழுவதன்று. மீண்டும் மீண்டும் வளைத்த கம்பி ஒரு நாள் ஒடிவதுபோல் வருவது. பதினாறு, பதினேழு வயதில் எலும்பு முற்றாத பருவம் என்பதால் இடர் மேலும் மிகுதி.

அதே பெர்த் நகரத்தவர் டென்னிஸ் லில்லி. 1973-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஆடச் சென்ற இடத்தில் அவர் முதுகெலும்பில் விரிசல் கண்டது. உடலை மாவுக்கட்டில் இறுக்கிப் படுக்க வைத்தனர். இனி வேகப் பந்து இல்லை என்று பலரும் கைவிட்டனர். உடற்பயிற்சி அறிஞர் ஃபிராங்க் பைக் துணையோடு அவர் பல திங்கள் உழைத்து உடலைக் கட்டியெழுப்பினார். தம் பாங்கையும் முதுகு தாங்குமாறு திருத்திக்கொண்டார். 1974-இன் இறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து மீண்டும் இறங்கினார். 1984-இல் ஓய்வு பெற்றபொழுது 355 விக்கெட்டுகள். அந்நாளில் அதுவே உலகச் சாதனை. திருத்தத்தால் வாழ்ந்தவர் இவர். தம் கையைத் தாமே திருத்தி மீண்ட இப்பெருமகனாரே 1987-இல் சென்னைக்கு வந்து, எம்.ஆர்.எஃப். வேகப் பந்துப் பயிற்சி நிலையத்தில் இளைஞர்க்கு ஆசானானார். தமிழக வீச்சாளர் டி.ஏ. சேகர் அவருக்குத் துணை நின்றார். மைசூர் ஸ்ரீநாத், பெங்களூர் வெங்கடேஷ் பிரசாத் முதலியோர் அங்குப் பயின்றவர்களே. (வேகப் பந்து கற்க வேண்டி அங்கு வந்த பம்பாய்ச் சிறுவன் ஒருவனை, 'நீ மட்டையைப் பார்த்துக்கொள்' என்று திருப்பி அனுப்பினர். சிறுவன் பெயர் சச்சின் டெண்டுல்கர். கையைத் திருத்தாமல் தொழிலையே திருத்திய அருளிப்பாடு அது!)

முதுகைக் காக்கிறோம் என்று சொல்லிக் கெடுத்ததும் உண்டு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் பந்தை விடும்பொழுது தலையைத் தரையை நோக்கித் தாழ்த்துவார். அவருடைய பாங்கு உடலைக் கெடுக்கும் என்று அஞ்சிய பயிற்சியாளர்கள் அதை மாற்ற முற்பட்டனர். மாற்றியபின் பந்து பழையபடி வரவில்லை. 2006-இல் முதுகெலும்பில் விரிசலும் கண்டது. அவர் தம் பழைய பாங்குக்கே திரும்பினார். 2024-இல் ஓய்வு பெறும் நாளில் அவர் கணக்கில் இருந்தவை 704 டெஸ்ட் விக்கெட்டுகள். லில்லிக்குத் திருத்தம் மருந்து. ஆண்டர்சனுக்கு அதுவே நோய்.

நம் காலத்து ஜஸ்பிரித் பும்ராவோ எந்த நூலிலும் அடங்காதவர். அகமதாபாத்தில் சிறுவனாயிருந்தபொழுது, வீட்டில் ஓசை எழக் கூடாதென்று அன்னையார் கடிந்ததால், சுவரும் தரையும் கூடும் மூலையிலேயே பந்து படுமாறு வீசிப் பழகினார். அங்கே பட்டால் ஓசை குறைவாம்! யார்க்கர் பிறந்த வீடு அது. ஓட்டம் குறைவு, கைகள் இரண்டும் விறைத்து நீளும், முழங்கை நேர்க்கோட்டையும் கடந்து பின்வளையும். 2019-இல் முதுகில் விரிசல் கண்டது; 2022-இல் மீண்டும் முதுகு வலி முற்றி, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை செய்தனர். அதன்பின் அவரைத் தேற்றியெடுத்த இடம் நம் நகர்தான். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, சின்னசாமி விளையாட்டரங்கில் நெடுங்காலம் இயங்கி, 2024-இல் விமான நிலையத்துக்கு அருகே புதிய வளாகத்துக்குப் பெயர்ந்த தேசியக் கிரிக்கெட் பயிலகத்தில் அவர் மாதக்கணக்கில் பயின்று உடலை உறுதியாக்கிக்கொண்டார். 2023 ஆகஸ்டில் களத்துக்கு மீண்டவர் கையில் அதே பாங்கு. 2024 டிசம்பரில் மெல்போர்னில் அவர் 200-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எட்டியபொழுது, விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டம் 20-க்கும் குறைவு. 200 விக்கெட்டை எட்டியவருள் இதற்கு முன் அவ்வாறு கண்டவர் எவருமிலர். சில நாள்களில் சிட்னியில் முதுகு மீண்டும் மறித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தம் பாங்குக்குரிய விலையைத் தெரிந்தே கொடுத்து வருபவர். எத்தனை ஓவர் வீசலாம், எப்பொழுது ஓய வேண்டும் என்று கணக்கிட்டுக் காக்க ஒரு படையே உடன் இருக்கிறது. அல்சூர்ப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

கை தாழ்ந்து வருவதாலேயே வேகம் பெற்றவர்க்கு இலங்கையின் லசித் மலிங்காவைக் காட்டலாம். காலியை அடுத்த கடற்கரை ஊரில் டென்னிஸ் பந்தை வீசிப் பழகிய பாங்கு அது. அவரைக் கண்டெடுத்த சம்பக்க இராமநாயக்க, தாமும் வேகப் பந்து வீச்சாளராயிருந்தவர், அப்பாங்கைக் கெடுக்காமல் விட்டுவைத்தார். 2007 உலகக் கோப்பையில் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு தென்னாப்பிரிக்கரை வீழ்த்தியது அந்தக் கைதான். இதை எடுத்துச் சொன்னபொழுது மட்டும் பிள்ளை தலை நிமிர்ந்தான்.

முதுகு ஒருபுறமிருக்க, விதி என்னும் தடையும் உண்டு. பந்தை விடுமுன் மடங்கிய முழங்கையை நீட்டினால் அது வீச்சு ஆகாது, எறி ஆகும். இதனைக் கண்ணால் மட்டுமே பார்த்துத் தீர்ப்பளித்த காலத்தில் நேர்ந்த கொடுமைக்கு ஜெஃப் கிரிஃபின் வரலாறு போதும். பள்ளிப் பருவத்தில் நேர்ந்த விபத்தால் கையை முற்றும் நீட்ட இயலாத தென்னாப்பிரிக்க இளைஞர். 1960-ஆம் ஆண்டு, 21 வயதில், லார்ட்ஸ் டெஸ்டில் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகள். அத்திடலில் டெஸ்ட் ஆட்டமொன்றில் அதற்கு முன் யாரும் செய்யாத செயல். அதே ஆட்டத்தில் எறிகிறார் என்று 11 முறை நோ-பால். டெஸ்ட் விரைவில் முடிந்துவிட, எஞ்சிய பொழுதைப் போக்க நடத்திய காட்சி ஆட்டத்திலும் நடுவர் விடவில்லை. சோர்ந்துபோன கிரிஃபின் கையைத் தாழ்த்தி உருட்டி ஓவரை முடிக்கப் பார்த்தார். முறை மாற்றுவதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அதற்கும் நோ-பால்! அவர் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. அவர் கையை அளந்து பார்த்தவர் எவருமிலர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பிறவியிலேயே முழங்கையை நீட்ட இயலாத மற்றொருவர் அதே குற்றச்சாட்டுக்கு ஆளானார். கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன். நாமக்கல்லிலிருந்து தோட்டத் தொழிலுக்குக் கடல் கடந்த பாட்டனாரின் வழி வந்தவர். பள்ளியில் வேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அவரைப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1995 டிசம்பர் 26-ஆம் நாள் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் அறிவித்தார். கிரிஃபினுக்கு வாய்க்காத ஒன்று இவர்க்கு வாய்த்தது: கையை அளந்தனர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் கருவி கொண்டு ஆராய்ந்து, கை மடங்கியிருப்பது வேறு, வீசும்பொழுது நீள்வது வேறு என்று தெளிந்தனர். பின்னர் 2004-இல் உலகின் முன்னணி வீச்சாளர்களையெல்லாம் விரைவுப் படக்கருவியால் நோக்கியபொழுது, நேரான கையென்று போற்றப்பட்டவர் பலரும் சிறிதளவு நீட்டவே செய்கின்றனர் என்பது வெளிப்பட்டது. வேக வீச்சாளர்க்கு 10 பாகை, நடுத்தர வேகத்தார்க்கு 7.5, சுழற்பந்தார்க்கு 5 என்றிருந்த வரம்பை நீக்கி, 2005-இல் அனைவர்க்கும் 15 பாகை என்று வகுத்தனர். முரளிதரன் 2010-இல் காலி நகரில் 800-ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அத்தகைய அளவைக் கூடமொன்று 2014-இல் சென்னைப் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பன்னாட்டுக் கிரிக்கெட் கழகத்தின் ஏற்பைப் பெற்றது. தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒளிரும் குறிகளை ஒட்டி, சுற்றிலும் படக்கருவிகளை நிறுத்தி, கை எத்தனை பாகை நீள்கிறது என்று அங்குக் கணக்கிடுவர்.

விதி காரணமாகக் கையை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தவர்க்கு என்ன நேரும்? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்த தங்கராசு நடராசனின் வரலாறு அதற்கு விடை. தந்தையார் தறித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் சிறு கடை நடத்தியவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தன்றி வேறறியாதவர். அதே ஊர் ஜெயப்பிரகாஷ் என்பார் அவரைச் சென்னைக்கு அனுப்பி வைக்க, நான்காம் பிரிவு ஆட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டு அணியில் ரஞ்சி ஆட்டம் ஆடினார். ஏறிய முதற்படியிலேயே இடி விழுந்தது. அவருடைய வீச்சு ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் அறிக்கை தந்தனர்.

அன்பர்களே, இந்நிலையை எண்ணிப் பாருங்கள். கிரிக்கெட்டை நம்பிக் குடும்பமே காத்திருக்கிறது. இருபத்து மூன்று வயது. அறிந்த ஒரே தொழிலின் அடிப்படை அசைவை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். நாம் இத்தனை நாள் எழுதிப் பழகிய கையெழுத்தை விட்டுவிட்டு வேறு கையெழுத்தில், அதே விரைவில், தேர்வெழுதுக என்று சொன்னால் நம் நிலை என்னாகும்? சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா ஆகிய முன்னாள் வீரர்கள் அவரை ஏற்று, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கையைச் செப்பனிட்டனர். இவர்களுள் சுனில் சுப்பிரமணியமும் வெங்கடரமணாவும் சுழற்பந்து வீசியவர்கள் என்பது கருதத் தக்கது. தாம் வீசியதைப் போல் அவனும் வீச வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கு எழ வழியில்லை போலும்!

2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபொழுது திண்டுக்கல் அணிக்காக ஆடி, யார்க்கர் பந்துகளால் பெயர் பெற்றார். 2017 பிப்ரவரி 20-ஆம் நாள் ஐ.பி.எல். ஏலம் நம் பெங்களூரில் நடந்தது. அவர்க்குக் குறித்த அடிப்படை விலை 10 இலட்சம். பஞ்சாப் அணி கொடுத்தது 3 கோடி. ஆயினும் பேறு உடனே வந்துவிடவில்லை. 2018-இலும் 2019-இலும் ஐதராபாத் அணியில் இருந்தும் ஓராட்டத்திலும் இறக்கப்படவில்லை. 2020-இல் வாய்ப்புக் கிடைத்தது. அபுதாபியில் நம் பெங்களூர் அணியின் டிவில்லியர்சை அவர் யார்க்கரால் வீழ்த்தியபொழுது இங்குள்ள தமிழர் மகிழ்ந்தனரா வருந்தினரா என்பது அவரவர் நெஞ்சே அறியும். அவ்வாண்டு இறுதியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா சென்றார். டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம்; இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம்; 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. அந்த டெஸ்டின் முதல் இன்னிங்சில் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1988-க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத அத்திடலில் இந்தியா வென்றது.

கிரிஃபினும் நடராசனும் ஏறத்தாழ ஒரே குற்றச்சாட்டைக் கேட்டவர்கள். ஒருவரை விதி சுட்டிக் காட்டியதோடு கைவிட்டனர். மற்றொருவரோடு மூவர் ஓராண்டு நின்றனர். திருத்தலாமா கூடாதா என்று வழக்காடுவோர் இந்த ஓராண்டைக் கணக்கில் கொள்வதேயில்லை. மூன்றாம் நாளே 'வராதே' என்று சொல்பவர்க்குத் திருத்தும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே எம் வினா. அளக்காமல் திருத்துவது ஒரு பிழை. திருத்தச் சொல்லிவிட்டு உடன் நில்லாமற் போவது அதனினும் பெரும்பிழை.

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தனர். எமக்குத் தெரிந்த உடலியக்க மருத்துவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு குடியிருப்புத் திடலுக்குச் சென்றோம். பிள்ளை வீசுவதை முன்னும் பின்னும் பக்கத்திலும் நின்று கைப்பேசியில் படம் பிடித்து, அசைவை மெதுவாக ஓட விட்டு அவர் பார்த்தார். முழங்கையில் எம் கண்ணுக்கோ அவர் கண்ணுக்கோ குறை தென்படவில்லை. தாழ்ந்து வரும் கை யாதொரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் பின்காலை ஊன்றும்பொழுது அவன் பாதம் மட்டையாளனை நேரே நோக்கிற்று. தோளோ நன்றாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மேலே கூறிய ஈரத் துணிப் பிழிவு! "வீசி முடித்த இரவு இடுப்பு வலிக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார். பிள்ளை தந்தையைப் பார்த்தான். பிறகு, "நாலு மாசமா வலிக்குது" என்றான். தந்தைக்கு அது வரையில் தெரியாது.

பயிற்சியாளர் கண்ட குறை ஓரிடம். உண்மைக் குறை வேறிடம். எட்டு வாரம் பந்தைத் தொடக் கூடாதென்றும், இடுப்புக்கும் வயிற்றுக்கும் இன்னின்ன பயிற்சியென்றும், அதன்பின் பின்பாதத்தை மட்டும் சற்றுத் திருப்பி ஊன்றிப் பழக வேண்டுமென்றும், கையைத் தொடவே வேண்டாமென்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பிள்ளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பழைய கழகத்துக்கு அவன் மீளவில்லை. இம்மலருக்கு எழுதிக் கொடுக்கும் இவ்வேளையில் எட்டு வாரம் கடந்து, நாளொன்றுக்கு முப்பது பந்து என்னும் அளவில் வீசத் தொடங்கியிருக்கிறான். காலைச் சவாரிக்குப் புறப்படுமுன் தந்தை ஆட்டோவைத் திடலோரம் நிறுத்திவிட்டு, முப்பதையும் எண்ணிய பின்னரே செல்கிறார்.